ஒவ்வாமையை முன்னறிதல்: இரசாயனப் பொருளின் அமைப்பு உணர்த்தும் செய்தி

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

இக்காலத்தில் இரசாயனப் பொருள் நுழையாத தொழில் கிராமத்தில் இல்லை எனலாம். வயலில் பூச்சிமருந்து, கட்டட வேலையில் சிமெண்டு, பட்டறையில் பெயிண்டும் பிசினும், வீட்டில் தலைச்சாயம் என அவை எங்கும் பரவியுள்ளன. அவற்றால் விளையும் நன்மை பெரிது. ஆயினும் அவற்றுள் சில, சிலருக்குத் தோலிலே கரப்பானையும், வேறு சிலருக்கு மூச்சிலே இரைப்பையும் உண்டாக்குகின்றன. ஒரே வேலையைச் சேர்ந்து செய்த பத்துப் பேருள் ஒருவருக்கு மட்டும் கை தடித்து, வெடித்து, நீர் வடிவதையும், மற்றவர் யாதொரு குறையுமின்றி இருப்பதையும் காண்கிறோம்.

இவ்வாறு துன்புறுவோரைக் குறித்து ஊரார் பலவாறு பேசுவதுண்டு. இரத்தக்கேடு என்பர் சிலர். தொற்றுநோய் என்று எண்ணி ஒதுக்கி வைப்பர் சிலர். வேலைக்குச் சோம்பி நடிக்கிறார் என்று பழிப்பாரும் உளர். இம்மூன்றும் பொருந்தா. இதற்கு ஒவ்வாமை என்று பெயர். இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. சோம்பலின் விளைவும் அன்று.

ஒரு பொருள் ஒவ்வாமை தரவல்லதா அல்லவா என்பதை, அதனை எவர் மீதும் பூசிப் பாராமலே, அதன் மூலக்கூற்றின் அமைப்பைக் கொண்டு பெரும்பாலும் முன்கூட்டியே கூறிவிடலாம் என்பது இன்றைய விஞ்ஞானத்தின் முடிவு. அஃது எவ்வாறு இயலும் என்பதையும், அவ்வறிவைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் எங்ஙனம் பயன்படுத்திக் கொள்ளலாம் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

1. எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்பு நீரில் நெடுநேரம் கை வைத்தால் எவருக்கும் தோல் வெந்துபோகும். இஃது எரிச்சல். அளவு மிகுந்தால் துன்பம் மிகும். அளவு குறைந்தால் குறையும். ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு இராது.

ஒவ்வாமை அத்தகையதன்று. அஃது இரண்டு படிகளில் நிகழ்கின்றது. முதற்படியில் அப்பொருள் உடலினுள் நுழைந்து, உடலிலுள்ள புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. அவ்வாறு உருமாறிய புரதத்தை உடலின் காவற்படையாகிய வெள்ளை உயிரணுக்கள் அந்நியன் எனக் கருதி, அதன் அடையாளத்தை மனத்திற் கொள்கின்றன. இதற்கு ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து நாட்கள் ஆகும். அப்பொழுது வெளியே யாதொரு அறிகுறியும் தோன்றாது. சிலருக்கு ஆண்டுக் கணக்கில் அதே பொருளோடு பழகிய பின்னரே இப்படி ஏற்படுவதும் உண்டு. இரண்டாம் படியில், அதே பொருள் மறுபடி தோலில் படும்போது காவற்படை திரண்டு எழுகின்றது. அந்தப் போரின் அடையாளமே நாம் காணும் தடிப்பும், அரிப்பும், கொப்புளமும்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தோலில் இப்போர் மூள ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். திங்கட்கிழமை தொட்ட பொருளுக்குப் புதன்கிழமை அரிப்பு எழுமானால், அன்று உண்ட உணவின் மீது பழியைப் போடுவது மனித இயல்பு. உண்மைக் காரணம் மறைந்துவிடுகிறது. மற்றொன்று, ஒருமுறை பதிந்த அடையாளம் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை. பிறகு மிகச் சிறிய அளவே நோயைக் கிளப்பப் போதுமானது. ஆகவே, வந்தபின் தீர்ப்பதைக் காட்டிலும் வருமுன் காப்பதே இதில் அறிவுடைமை. வருமுன் காக்க வேண்டுமாயின், எப்பொருள் தீங்கு தரும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

2. நாயுருவியும் எள்ளும்

நாயுருவிக் கதிரையும் எள்ளையும் நாம் எல்லோரும் அறிவோம். வரப்போரம் நடந்து வந்தால் நாயுருவியின் காய்கள் வேட்டியில் ஒட்டிக்கொள்கின்றன. எள் ஒட்டுவதில்லை; உதிர்ந்து போகின்றது. இவ்விரண்டையும் ஒருபோதும் கண்டிராத ஒருவரும், கையில் எடுத்து உற்று நோக்கினால், எது துணியில் ஒட்டும் என்று சொல்லிவிடுவார். ஏனெனில் ஒன்றில் முள் இருக்கின்றது; மற்றொன்றில் இல்லை.

மூலக்கூறுகளின் நிலையும் இதுவே. ஒரு பொருளின் மிகச் சிறிய கூறு மூலக்கூறு எனப்படும். அது பல அணுக்கள் ஓர் ஒழுங்கில் பிணைந்து ஆனது. சில மூலக்கூறுகளில் புரதத்தைப் பற்றிக்கொள்ளவல்ல அணுத்தொகுதி ஒன்று இருக்கும். அதனை நாம் கொக்கி என்று கூறுவோம். புரதத்தில் அக்கொக்கி சென்று மாட்டுவதற்கு இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று, சிஸ்டீன் என்னும் பகுதியிலுள்ள கந்தக அணு. மற்றொன்று, லைசின் என்னும் பகுதியிலுள்ள நைட்ரஜன் அணு.

கொக்கி மட்டும் இருந்தாற் போதாது. உள்ளே நுழையவும் வேண்டும். நம் தோல் நல்ல வேலி. ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடையை ஒன்று எனக் கொண்டால், ஏறத்தாழ 500 எடைக்கு உட்பட்ட சிறு மூலக்கூறுகளே தோலின் மேற்பகுதியைக் கடந்து எளிதில் உட்செல்கின்றன. ஆகவே ஒரு மூலக்கூற்றைக் கண்டவுடன் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. இது நுழையுமா? நுழைந்தால் பற்றுமா? இரண்டுக்கும் ஆம் என்பது விடையாயின், அப்பொருளை ஐயத்தோடு நோக்க வேண்டும்.

3. முதல் சான்று

இக்கருத்துக்கு முதன்முதல் உறுதியான சான்று தந்தவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். மனிதரின் இரத்த வகைகளைக் கண்டறிந்தமைக்காக 1930ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் இவரே. நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஜேக்கப்ஸ் என்பாருடன் சேர்ந்து இவர் சீமைப்பெருச்சாளிகளை வைத்துச் செய்த சோதனைகள் 1935, 1936ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

குளோரின் அணுவைக் கொண்ட பல பென்சீன் சேர்மங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். சிலவற்றில் குளோரின் உறுதியாகப் பிணைந்திருந்தது. வேறு சிலவற்றில், அருகிலுள்ள நைட்ரோ தொகுதிகளின் இழுப்பினால் அது தளர்ந்து, எளிதில் கழன்றுவிடக் கூடியதாய் இருந்தது. குளோரின் கழன்ற இடமே கொக்கி ஆகின்றது. சோதனைக் குழாயில் அனிலீன் என்னும் சாதாரணப் பொருளோடு எவை எளிதில் வினைபுரிந்தனவோ, அவையே பிராணிகளின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கின. வினைபுரியாதவை வாளாவிருந்தன. கண்ணாடிக் குழாயில் காணும் இயல்பைக் கொண்டு உயிருள்ள தோலில் நிகழப்போவதைக் கூறலாம் என்பது அன்று நிலைநாட்டப்பெற்றது.

4. பார்த்தீனியத்தின் கொக்கி

நம் கிராமங்களில் இதனை நாள்தோறும் காட்டும் செடி பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இவ்விஷச்செடி, 1950களின் இடையில் பூனாவில் கவனிக்கப்பெற்று, பின்னர் நாடெங்கும் பரவியது. இன்று தமிழ்நாட்டின் சாலையோரங்களிலும், தரிசுகளிலும், பள்ளிக்கூட வளாகங்களிலும் இதனைக் காணாத ஊர் அரிது.

இச்செடியில் பார்த்தெனின் என்னும் பொருள் இருக்கின்றது. இதன் மூலக்கூற்றின் எடை 262. எனவே தோலில் நுழையத் தடையில்லை. அதன் ஒரு பக்கத்தில் ஐந்து அணுக்களாலான வளையம் ஒன்றும், அவ்வளையத்திற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டைப் பிணைப்பு ஒன்றும் உண்டு. அந்த இரட்டைப் பிணைப்பே கொக்கி. அது புரதத்தின் கந்தக அணுவை விரைந்து பற்றிக்கொள்கின்றது. செடியின் நுண்ணிய மயிர்களும் காய்ந்த துகளும் காற்றில் பறந்து வந்து படிவதால், முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் கரப்பான் தோன்றும். செடியைத் தொடாதவருக்கும் இது வருவது இதனாலேயே.

அமைப்பை அறிந்ததன் பயன் இத்துடன் நின்றுவிடவில்லை. சாமந்தியும் பார்த்தீனியம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்ததே. சாமந்தியிலும் இதே வகை வளையமும் கொக்கியும் கொண்ட பொருள்கள் உள்ளன. ஆகவே பார்த்தீனியத்தால் ஒவ்வாமை கொண்ட ஒருவருக்குச் சாமந்தி பறித்தாலும், தொடுத்தாலும் நோய் எழக்கூடும் என்று மூலக்கூற்றின் படத்தைப் பார்த்தே சொல்லலாம். மருத்துவர்கள் செய்த ஒட்டுச் சோதனைகளில் அவ்வாறே காணப்பட்டுள்ளது. களை பிடுங்கும் வேலையை விட்ட பிறகும் கரப்பான் ஏன் ஆறவில்லை என்று வருந்தும் பூந்தோட்டக்காரருக்கு இஃது ஒரு விடையாகும்.

5. மறைந்திருக்கும் கொக்கி

சில மூலக்கூறுகளில் கொக்கி வெளிப்படையாகத் தெரியாது. காற்றிலுள்ள பிராணவாயுவோ, தோலிலுள்ள நொதிகளோ அதனை மாற்றியபின்னரே கொக்கி வெளிப்படும். இவ்வகைக்குச் சேங்கொட்டை சிறந்த எடுத்துக்காட்டு. துணிகளுக்குக் குறியிட முற்காலத்தில் சலவைத் தொழிலாளர் இதன் சாற்றைப் பயன்படுத்தினர். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் தங்கியிருந்த அந்நியப் போர்வீரர் சிலருக்குச் சட்டைக் குறி பட்ட இடத்தில் மட்டும் புண் உண்டானதற்கு இதுவே காரணம் எனத் தெரியவந்தது.

சேங்கொட்டையின் சாற்றிலுள்ள மூலக்கூற்றில் ஒரு பென்சீன் வளையமும், அதில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளும், எண்ணெய்த் தன்மையுள்ள நீண்ட வாலும் உண்டு. வால் தோலின் கொழுப்பில் கரைந்து உள்ளே இழுத்துச் செல்கின்றது. உள்ளே சென்றபின் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து குயினோன் என்னும் கொக்கியாக மாறுகின்றன. முந்திரிக்கொட்டையின் ஓட்டுப்பாலிலும், மாங்காயின் காம்புப்பாலிலும் இதற்கு நெருங்கிய உறவுடைய பொருள்கள் உள்ளன. இம்மூன்று மரங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பண்ருட்டிப் பகுதியில் முந்திரி உடைக்கும் பெண்களின் கை காப்பதில் இவ்வுண்மை பெரிதும் வேண்டற்பாலது.

கறுப்புத் தலைச்சாயங்கள் பலவற்றில் சேரும் பாராபினிலீன் டையமின் என்னும் பொருளும் இத்தகையதே. அதன் எடை 108 மட்டுமே. சாயம் ஏறுவதற்காக அது ஆக்ஸிஜனோடு சேரும்போதே கொக்கியும் உருவாகின்றது. நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் தடிப்பு எழுந்தால், அடுத்த முறை சற்றுக் குறைத்துப் பூசலாம் என்று எண்ணுதல் ஆகாது. அறவே விட்டொழித்தல் வேண்டும்.

6. மூச்சுக்குழலின் ஒவ்வாமை

தோலைவிட அஞ்சத்தக்கது மூச்சுக்குழலின் ஒவ்வாமை. இதனை உண்டாக்கும் மூலக்கூறுகளுக்கும் தனி இயல்பு உண்டு. இவை பெரும்பாலும் புரதத்தின் கந்தகத்தைக் காட்டிலும் லைசின் பகுதியிலுள்ள நைட்ரஜனை நாடுகின்றன. மேலும், ஒரே மூலக்கூற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கொக்கிகள் இருத்தல் ஓர் எச்சரிக்கைக் குறி. தொழிலால் வரும் ஈளைநோயை ஆராய்ந்து மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்று, இரு கொக்கிகள் கொண்ட சேர்மங்களில் இவ்வபாயம் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டிற்று. இரு முனையிலும் கொக்கியுடைய பொருள் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிட வல்லது.

மோட்டார் வண்டிகளுக்குத் துப்பாக்கியால் அடிக்கும் இரண்டு டப்பா பெயிண்டுகளில் கெட்டிப்படுத்தும் பாகமாகச் சேரும் டை ஐசோசயனேட்டுகள் இவ்வினத்தன. எபாக்சிப் பிசின்களைக் கெட்டிப்படுத்தும் அமில அன்ஹைட்ரைடுகளும் அவ்வாறே. பருத்தி நூலோடு இரசாயன முறையில் பிணையும் சாயங்களும் இவ்வரிசையில் சேரும். 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் விற்பனைக்கு வந்த அச்சாயங்களே இன்று திருப்பூர், ஈரோடு, கரூர் முதலிய ஊர்களில் பருத்தித் துணிக்குப் பெருவழக்காய் உள்ளன. சாயம் வெளுக்காமல் நிற்பதற்குக் காரணம் நூலைப் பற்றும் கொக்கி. அதே கொக்கி, சாயத்தூளை நிறுக்கும்போது மூச்சில் ஏறினால், மூச்சுக்குழலின் புரதத்தையும் பற்றுகின்றது. ஒரு பொருளை எது பயனுடையதாக ஆக்குகிறதோ, அதுவே அதனைத் தீங்குடையதாகவும் ஆக்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்நோயின் இரைப்பு, வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னர் இரவிலே எழுவதும் உண்டு. வேலை நாட்களில் மிகுந்து, விடுமுறை நாட்களில் தணிந்தால், தொழிலையே ஐயுற வேண்டும். பொருட்படுத்தாது அதே வேலையில் நீடித்தால் ஈளை நிலைத்துவிடும். உயிருக்கே இறுதி நேர்வதும் உண்டு.

7. இன்று முன்னறியும் முறை

முற்காலத்தில் புதிய பொருளைச் சீமைப்பெருச்சாளியின் தோலில் பூசிப் பார்த்தனர். பின்னர்ச் சுண்டெலியின் காதில் பூசி, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களின் வளர்ச்சியை அளந்தனர். இன்று பிராணிகளின்றியே அறிய முற்படுகின்றனர். அழகுப் பொருள்களைப் பிராணிகளின் மேல் சோதிப்பதை நம் நாடு 2014ஆம் ஆண்டில் தடை செய்தது இங்குக் குறிப்பிடத்தக்கது.

புதிய முறை மூன்று சோதனைகளைக் கொண்டது. முதலாவது, சிஸ்டீனும் லைசினும் அடங்கிய இரண்டு சிறு புரதத் துண்டுகளோடு அப்பொருளைக் கலந்து 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு புரதத்துண்டு பிணைந்து குறைந்துள்ளது என்று அளத்தல். சராசரியாக நூற்றுக்கு 6.38 பங்குக்கு மேல் குறைந்தால் ஐயத்திற்குரியது. இரண்டாவது, குப்பியில் வளர்த்த தோல் உயிரணுக்கள் அபாயக்குரல் எழுப்புகின்றனவா என்று பார்த்தல். மூன்றாவது, காவற்படைக்குச் செய்தி கொண்டு செல்லும் உயிரணுக்கள் விழித்தெழுகின்றனவா என்று பார்த்தல். இவற்றோடு, மூலக்கூற்றின் படத்தை ஆராய்ந்து கொக்கிகளைக் கண்டுபிடித்துக் கூறும் கம்ப்யூட்டர் முறைகளும் உள்ளன. இவற்றுள் சிலவற்றின் முடிவுகளை இணைத்துத் தீர்மானிக்கும் விதிமுறையைப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 2021ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் இம்முறைக்கு எல்லை உண்டு. மறைந்திருக்கும் கொக்கி சில சமயம் கணிப்பிலிருந்து தப்பிவிடும். பல பொருள்கள் கலந்த கலவைக்குக் கணிப்பது கடினம். மூச்சுக்குழல் ஒவ்வாமைக்கு எல்லா நாடுகளும் ஏற்ற சோதனை முறை இன்னும் அமையவில்லை. எந்தப் பொருள் தீங்கு தரவல்லது என்று அமைப்பு கூறும். எந்த மனிதருக்கு அது வரும் என்று கூறாது. ஆகையால் அப்பொருளைக் கையாளும் அனைவரையும் காப்பதே முறை.

8. அறிவால் விளைந்த நன்மை: சிமெண்டு

சிமெண்டில் மிகச் சிறிதளவு குரோமியம் கலந்திருக்கும். குரோமியத்துக்கு இரண்டு முக்கிய நிலைகள் உண்டு. ஆறாம் நிலையிலுள்ள குரோமியம் நீரில் கரைந்து தோலில் எளிதாக நுழையும். உள்ளே சென்று மூன்றாம் நிலைக்கு மாறிப் புரதத்தோடு பிணையும். முதலிலேயே மூன்றாம் நிலையில் இருந்தால் தோலைக் கடப்பது அதற்கு மிக அரிது. கொத்தனார், சித்தாள் முதலியோரின் கைக் கரப்பானுக்கு நெடுங்காலமாக இதுவே ஒரு காரணம்.

இதனை அறிந்த டென்மார்க் நாட்டினர் 1981ஆம் ஆண்டு முதல் சிமெண்டில் சிறிது அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட்டு, சேர்க்கலாயினர். அன்னபேதி ஆறாம் நிலைக் குரோமியத்தை மூன்றாம் நிலைக்கு மாற்றிவிடுகின்றது. அதன்பின் அங்குச் சிமெண்டு வேலையாட்களிடம் குரோமிய ஒவ்வாமை குறைந்தது. 2005ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும், பத்து லட்சம் பங்கு சிமெண்டில் இரண்டு பங்குக்கு மேல் கரையக்கூடிய ஆறாம் நிலைக் குரோமியம் இருத்தலாகாது என்பது சட்டமாயிற்று. அமைப்பை அறிந்தமையால் தொழிலையும் நிறுத்தாமல், தொழிலாளரையும் வருத்தாமல் வழி காணப்பட்டது.

9. டப்பாவின் மேலுள்ள முக்கோணம்

பூச்சிமருந்து டப்பாவின் மேல் வர்ண முக்கோணம் இருப்பதை விவசாயிகள் அறிவர். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், பச்சை குறைந்த நஞ்சு. சோதனைப் பிராணிகளில் பாதி இறப்பதற்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பதை அளந்தே இது வகுக்கப்பட்டது. 50 வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை.

இம்முக்கோணம் உயிரைக் கொல்லும் நஞ்சின் அளவைக் கூறுமேயன்றி, ஒவ்வாமையைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது. இதனை ஒவ்வொருவரும் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். மாங்கோசெப் என்னும் பூஞ்சாணக்கொல்லியை எலி ஒரு கிலோ எடைக்கு 5000 மில்லிகிராமுக்கு மேல் உண்டாலும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதே மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் தோல் ஒவ்வாமை தரவல்லது என்று வகைப்படுத்தியுள்ளது. முக்கோணம் சாந்தமாக இருக்கிறதென்று வெறுங்கையால் கலக்குதல் தகாது.

மற்றோர் எடுத்துக்காட்டையும் நோக்குவோம். விதை நேர்த்திக்குப் பயன்படும் திரம் என்னும் மருந்தும், இரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையுரம் என்னும் பொருள்களுள் ஒன்றும் ஒரே மூலக்கூறே. திரத்தால் கை புண்ணான ஒருவர், பாதுகாப்புக்கென்று இரப்பர்க் கையுறை அணிந்தால், அக்கையுறையே புண்ணை வளர்க்கக்கூடும். அத்தகையோர் வினைல் கையுறை அணிதல் நலம். பெயர் இரண்டாயினும் அமைப்பு ஒன்று என்பதை அறியாதவருக்கு இஃது என்றும் விளங்காப் புதிராகவே இருக்கும்.

10. பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

(அ) பெயிண்டு, பிசின், கிருமிநாசினி முதலியவற்றைப் பஞ்சாயத்துக்கு வாங்கும்போது, விற்பவரிடம் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டுப் பெறுக. அதன் இரண்டாம் பகுதியிலும் பதினோராம் பகுதியிலும் தோல், மூச்சுக்குழல் ஒவ்வாமை பற்றிய குறிப்பு இருக்கும். பல டின்களில் காணும் ஆச்சரியக்குறி தோல் ஒவ்வாமையைக் குறிக்கக்கூடும். மார்பில் நட்சத்திர வெடிப்புள்ள மனித உருவம் மூச்சுக்குழல் ஒவ்வாமையைக் குறிக்கக்கூடும்.

(ஆ) பார்த்தீனியத்தைப் பூக்குமுன், மண் ஈரமாயிருக்கும்போது, வேரோடு பிடுங்கச் செய்க. கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகத்துணியும் வேலைக்கு முன்னரே வழங்குக. இச்செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984ஆம் ஆண்டில் பெங்களூரில் விடப்பட்டுப் பரவியுள்ளது. அவ்வண்டு மிகுந்துள்ள இடங்களில் அதனை அழிக்காது விடுதல் நன்று.

(இ) சிமெண்டுக் கலவையை வெறுங்கையால் பிசைதலும், வெறுங்காலால் மிதித்தலும் விலக்குக. வேலையிடத்தில் கை கழுவ நல்ல நீர் வைத்தல் ஒப்பந்தக்காரரின் கடமை என்று முன்னரே உறுதி செய்க.

(ஈ) சாயத்தூளையும் மருந்துத்தூளையும் காற்றோட்டமான இடத்தில், புழுதி எழாமல் நிறுக்கச் செய்க. ஐசோசயனேட்டுப் பெயிண்டை அடிக்கும்போது முகத்தில் கட்டும் துணி எவ்வகையிலும் போதாது. அதற்குரிய சுவாசக் கருவியின்றி அவ்வேலையை ஏற்றல் கூடாது.

(உ) ஒருவருக்குக் கரப்பானோ இரைப்போ கண்டால், எப்பொருளை எந்நாள் கையாண்டார் என்று குறித்துக் கொடுத்து, அரசினர் மருத்துவமனையின் தோல் மருத்துவரிடமோ நெஞ்சு மருத்துவரிடமோ அனுப்புக. பெயரில்லாத களிம்பைக் கடையில் வாங்கிப் பூசுவதால் நோய் மறையுமேயன்றித் தீராது.

(ஊ) ஒவ்வாமை உறுதியானவருக்கு அப்பொருள் படாத வேறு வேலையைக் கூலி குறையாமல் தருக. பார்த்தீனியம் பிடுங்க இயலாதவர் கன்று நடலாம். சிமெண்டு தொட இயலாதவர் அளவு குறிக்கலாம், கணக்கு எழுதலாம். வேலை மாற்றம் தருவது அவருக்குச் செய்யும் சலுகையன்று. மருந்தினும் மேலான மருந்து அதுவே.

ஒருவரது உடல் ஒரு பொருளை ஏற்க மறுப்பது அவர் குற்றமன்று. அப்பொருளின் அமைப்பில் உள்ள கொக்கி அவரைப் பற்றிக்கொண்டது, அவ்வளவே. அக்கொக்கியை முன்னரே அறியும் அறிவு இன்று நமக்குக் கிட்டியுள்ளது. அதனை டப்பாவின் மேலும் தகவல் தாளிலும் தேடிப் படித்து, உழைப்போர் கைக்கும் மூச்சுக்கும் காவல் செய்வது ஊராட்சியை ஏற்றவர் கடமையாகும்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. எரிச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள வேறுபாடு யாது? சுண்ணாம்பினால் வெந்த கையையும் குரோமியத்தால் வந்த கரப்பானையும் ஒப்பிட்டுக் கூறுக.

2. பார்த்தீனியத்தால் துன்புறுபவர் சாமந்தித் தோட்டத்தில் வேலை செய்வது தகுமா? காரணம் காட்டுக.

3. பச்சை முக்கோணமுள்ள மருந்து ஒவ்வாமை தராது எனக் கொள்ளலாமா?

4. நமது பஞ்சாயத்தின் சென்ற ஆண்டு வேலைகளில் எவையெவை தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கு தரத்தக்கவை? அவற்றில் ஈடுபட்டோருக்கு என்னென்ன பாதுகாப்பு அளிக்கப்பட்டது?